பாதியைத் தள்ளிப் படிக்கவும்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
09.02.2003

என் செல்ல மருமகள் கோபிகாவுக்கு,

மாமா ஞானரட்ணம் எழுதுகிறேன். இங்கே பனி முழங்கால் மட்டும் நிற்கிறது, அதற்குள்ளும் நான் சிங்கம்போல் திரிகிறேன். திருகோணமலைக் காற்றில் நீயும் என் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஏதும் வருத்தம் என்றால் ஒளிக்காமல் எழுது. இங்குள்ள டொக்டர்மார் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு பழக்கம்.

தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் கதையைத் தொடங்க முன்னமே தொலைபேசிக் காட்டில் காசு முடிந்துவிடுகிறது. என்னைப் போன்ற ஆட்களுக்குக் கடிதம்தான் சரி.

விசயம் இதுதான். பக்கத்துப் பியோர்ண்டாலில் மங்களேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். கோயிலில் அவர் சொன்னால்தான் பூசை தொடங்கும். அவருடைய தம்பி தனஞ்சயனுக்கு உன்னைக் கேட்கிறார். பொடியன் விமான நிலையத்தில் பெரிய வேலை. அவன் தூக்கி வைக்காமல் ஒரு பெட்டியும் வானத்தில் ஏறாது. வயது முப்பத்திரண்டு, பார்த்தால் கொஞ்சம் கூடத் தெரியும், அது குளிரால் வருவது. எல்லாவற்றையும் விட, சிவப்புப் பாஸ்போட் வைத்திருக்கிறான். அதை நீட்டினால் உலகத்தில் எந்தக் கதவும் தானாகத் திறக்கும். என்னிடமும் அதுதான் இருக்கிறது. எனக்கு அதைத் தரும்போது இரண்டு பெரிய அதிகாரிகள் எழும்பி நின்று கைகொடுத்தவர்கள்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு தாய்மாமன் நான்தானே முன்னுக்கு நிற்கவேண்டும். படத்தை உடனே அனுப்பு. அக்காவைக் கால் வீக்கத்தோடு கிணற்றடியில் நிற்கவேண்டாம் என்று சொல்.

உன்னைத் தோளில் தூக்கிய
மாமா


திருகோணமலை
02.03.2003

அன்புள்ள மாமாவுக்கு,

கோபிகா எழுதுகிறேன். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, நாங்கள் நலம். பனியில் கவனமாக நடவுங்கள்.

படம் அனுப்பவில்லை. என்னை மன்னிக்கத் தேவையில்லை, கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடிதத்தை முடிவுவரை வாசியுங்கள்.

நான் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். போன வருடம் கோதுமை கொண்டுவந்த கப்பலில் இருந்து ஒருவரைக் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு இங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். கப்பல் போய்விட்டது. அவர் கட்டிலில் இருந்துகொண்டு என்னிடம் தமிழ் படித்தார். பெயர் ஆர்னெல். பிலிப்பைன்ஸ்காரர். கப்பலில் இரண்டாம் இஞ்சினியர். அவரைத்தான் நான் கட்டப்போகிறேன்.

அம்மா அழுதா. பிறகு, "உன்ரை மாமன் என்ன சொல்லுறான் பாப்பம்" என்றா. ஆகவே எல்லோரும் ஓரிடத்தில் சந்திப்பது என்று யோசித்தேன். நீங்கள் ஊருக்கு வர இயலாது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டீர்கள். எங்களால் நோர்வேக்கு வரமுடியாது. ஆனால் சிங்கப்பூருக்கு ஆர்னெலும் அவருடைய அம்மாவும் விசா இல்லாமல் போகலாம். அம்மாவும் நானும்கூட விசா இல்லாமல் போகலாம். உங்களுடைய பாஸ்போட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. தாலியை அங்கே ஒரு கோயிலில் கட்டலாம், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

தனஞ்சயன் அண்ணருக்கு நல்ல பெண் கிடைக்கட்டும்.

அன்புடன்
கோபிகா


ஹொல்ம்லியா
23.03.2003

மருமகளுக்கு,

சுகம் கேட்கும் நிலையில் நான் இல்லை. கடிதத்தை ரயிலில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

கப்பல்காரனைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். விசா இல்லாமல் சிங்கப்பூருக்கோ? களவாக ஆள் ஏற்றும் அந்த ஏஜென்சிக்காரன் யார்? நீர்கொழும்பு ஆளா, கொட்டாஞ்சேனை ஆளா? அவனை நம்பாதே. ஒஸ்லோவில் இந்த விசயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை, ஆகவே கவனமாகக் கேள்.

விமானம் இறங்க முன்னம் பாஸ்போட்டைக் கிழித்துக் கழிவறையில் போடச் சொல். படம் ஒட்டிய பக்கத்தை மென்று விழுங்குவது இன்னும் நல்லது. நான் கிழக்குப் பேர்ளினில் விழுங்கினேன், கொஞ்சம் பசை ருசி, மற்றபடி குறையில்லை. என்ன பெயர் சொன்னாலும் கடைசிவரை அதே பெயரைச் சொல்லவேண்டும். அழுவதென்றால் முதல் கேள்வியிலேயே அழவேண்டும், பிறகு அழுதால் நம்பமாட்டார்கள். லொறியில் ஏற்றினால் கதவுப் பக்கம் இருக்கவேண்டும். என் அக்காவை மட்டும் கூட்டிப் போகாதே, அவவால் காலை மடித்து இருக்க ஏலாது.

அதுசரி, பிலிப்பைன்ஸ்காரனும் ஏஜென்சியில் வருகிறான் என்றால் அவனுக்கும் எங்களைப்போல்தான் நிலைமை. அப்படியானவனை ஏன் கட்டவேண்டும்? தனஞ்சயனைக் கட்டினால் சீட்டில் சாய்ந்து, சாப்பாடும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வரலாம்.

மனம் பதறும்
மாமா


திருகோணமலை
14.04.2003

அன்புள்ள மாமாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். பொங்கி, படைத்து, உங்கள் பெயருக்கும் ஒரு வாழையிலை போட்டோம். நாங்கள் நலம். நீங்களும் இறங்கவேண்டிய இடத்தில் இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

மாமா, விசா இல்லாமல் என்றால் களவாக இல்லை. விசா தேவையில்லை என்று அர்த்தம். நேர்வழியில், பகலில், பாஸ்போட்டைக் கையில் நீட்டி, முத்திரை குத்துவித்துக்கொண்டு போவது. தூதரகத்திலேயே கேட்டுவிட்டேன். யாரும் எதையும் விழுங்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணீர் வரச் சிரித்தா. பிறகு அவவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "எங்கட பாஸ்போட்டுக்கு ஆரடி சும்மா கதவு திறக்கிறான்? அதிலை ஏதோ பூட்டு இருக்கு" என்கிறா. எங்களுடைய ஆட்களுக்கு விசா இல்லாமல் என்றாலும் களவாக என்றாலும் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது.

இப்போது அம்மாவின் முடிவைச் சொல்கிறேன். "தம்பி அந்தப் பொடியனை நேரிலை பாக்கவேணும். பாத்துச் சரி எண்டால் சரி. இல்லையெண்டால் பியோர்ண்டால் மாப்பிள்ளைதான்." நானும் ஒத்துக்கொண்டேன். எனக்கு உங்களில் அவ்வளவு நம்பிக்கை, அல்லது வேறு வழியில்லை.

சிங்கப்பூர்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆர்னெலின் கப்பல் ஆடி மாதம் உங்கள் நாட்டின் வடகோடி ஹம்மர்பெஸ்ட்டுக்கு வருகிறது. எரிவாயு ஆலை கட்டும் இடத்துக்குச் சாமான் இறக்குகிறார்கள். கடலோடிகள் தங்கள் அடையாளப் புத்தகத்தைக் காட்டி ஊருக்குள் இறங்கலாம், அதற்கும் விசா வேண்டாம். அந்த ஊரே உங்களால்தான் எழும்பியது என்று நீங்கள் முந்தி எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்
கோபிகா


ஹொல்ம்லியா
18.05.2003

மருமகள் கோபிகாவுக்கு,

நான் சுகம். நேற்று இங்கே அவர்களின் தேசிய நாள், ஊரெல்லாம் கொடி. ஊர்வலத்தில் நான் ஒதுங்கித்தான் நின்றேன், அவர்கள்தான் என்னை முன்னுக்கு இழுத்தார்கள்.

கடலோடி விசயத்தை இங்கே பலரிடம் விசாரித்தேன். உண்மைதானாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் இந்த நாட்டுக்குள் வர எத்தனை நாட்டுக் குளிரைக் குடித்தேன், எத்தனை பொலிஸ்காரனுக்குக் கதை சொன்னேன். உன்ரை ஆள் சேட்டுப் பையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, கையை வீசி இறங்கிவருவானாம். இது என்ன நியாயம்?

நான் போய்ப் பார்க்கிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவன் தேறமாட்டான். ஹம்மர்பெஸ்ட்டில் என்னை ஏமாற்ற ஆளில்லை. முந்தி அங்கே மீன் தொழிற்சாலையில் நான் கத்தி பிடித்தால் முதலாளி வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார். மீனின் கண்ணைப் பார்த்தே எத்தனை நாள் என்று சொல்லுவேன். ஒரு மனுசனின் கண்ணையா எனக்குச் சொல்லத் தெரியாது?

கேட்கவேண்டிய கேள்விகளை யோசித்து வைத்திருக்கிறேன். குடிப்பானா, வேறு துறைமுகத்தில் குடும்பம் இருக்கிறதா, தாயைப் பார்க்கிறானா. பிட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு போகிறேன். கரண்டி கேட்டானோ, அதோடு முடிந்தது கதை.

மங்களேஸ்வரி அக்காவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "பொம்பிளைக்குச் சோதினை நடக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை.

அக்காவுக்கு என் அன்பு.

மாமா


ஹம்மர்பெஸ்ட்
27.07.2003

அன்புள்ள அக்கா,

நலம். பொடியனைப் பார்த்தேன். நல்லவன். குடுக்கலாம்.

தம்பி
ஞானரட்ணம்


திருகோணமலை
20.08.2003

அன்புள்ள தம்பி ஞானரட்ணத்துக்கு,

அக்கா பவளம் எழுதிக்கொள்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊரே போயிருக்கிறது, நான் காலை நினைத்துப் போகவில்லை. உனக்கு ஏதும் வருத்தமா என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. உன்ரை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

தம்பி, சின்ன வயதில் இருந்தே நீ சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் நான் எடுப்பேன். நீ சுறா பிடித்தேன் என்றால் பாரை என்று எடுப்பேன். பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை என்றால், இன்றைக்கு அடி விழவில்லை என்று எடுப்பேன். ஒஸ்லோவில் ரயில்கள் உன் கையில்தான் ஓடுகின்றன என்று எழுதினாய், நீ ரயிலைக் கழுவுகிறாய் என்று எடுத்தேன். அது சரியோ பிழையோ நீ சொல்லவேண்டாம்.

இந்தக் கடிதத்தில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. பாதியைத் தள்ளினால் நல்லவன் மிஞ்சுகிறது, மற்றப் பாதியைத் தள்ளினால் குடுக்கலாம் மிஞ்சுகிறது. ஆகவே எனக்குச் சம்மதம். கோபிகாவுக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. கலியாணப் பதிவு எழுத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும். தாலியை நீ உன் கையால் எடுத்துக் கொடுக்காமல் என் பிள்ளையின் கழுத்தில் ஏறாது. அவளுடைய அப்பா படுக்கையில் கிடக்கும்போது உன்னைத்தான் சொல்லிவிட்டுப் போனவர். சிங்கப்பூருக்கு எப்ப வருகிறாய் என்று எழுது. உன்னைப் பார்க்கலாம் என்ற நினைப்பில் இப்பவே எனக்குக் கால் நோ தெரியவில்லை.

அக்கா
பவளம்


திருகோணமலை
30.09.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? அம்மாவின் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. சிங்கப்பூருக்கு எந்த மாதம் வருவீர்கள் என்று அம்மா கேட்டபடி இருக்கிறா. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறா.

ஆர்னெல் கப்பலில் இருந்து எழுதியிருக்கிறார். நீங்கள் கொண்டுபோன பிட்டை மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தாராம். நீங்கள் இன்னும் இன்னும் வைத்தபோது "காணும் மாமா" என்று சொன்னதாகவும், அதைக் கேட்டு நீங்கள் பிட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த முதல் சொல் அது.

அதோடு, சிங்கப்பூர் வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்றும் எழுதியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. நான் விடாமல் கேட்டேன். மூன்றாம் கடிதத்தில்தான் சொன்னார்.

மாமா, கோபிக்காமல் வாசியுங்கள். கப்பலில் எல்லோருக்கும் உங்கள் சிவப்புப் பாஸ்போட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். அவர்களும் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இறங்கும்போது ஏணியடியில் நின்றவன் அடையாளம் கேட்டான். நீங்கள் எடுத்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம். ஆர்னெல் கடலோடி. எந்த நிறப் புத்தகத்துக்கு எந்தத் துறைமுகம் திறக்கும் என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். அதை உங்கள் கையிலிருந்து வாங்கி, மட்டை தெரியாமல் தன் நெஞ்சோடு பிடித்து, தானே அவனுக்குக் காட்டி, திரும்ப உங்கள் பையில் வைத்தாராம். பின்னால் நின்றவர்களிடம், "பாத்தீங்களா, நோர்வே மாமா" என்றாராம்.

இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளும் என்று அதில் எழுதியிருக்கும் என்றார். ஆனால் சிங்கப்பூர் அதற்கு விசா கேட்குமாம், கொடுப்பதும் அரிதாம்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எழுதுங்கள்.

கோபிகா


திருகோணமலை
12.12.2003

அன்புள்ள மாமாவுக்கு,

இன்னும் பதில் இல்லை. தொலைபேசியையும் நீங்கள் எடுப்பதில்லை. கடையில் நின்று அடித்து அடித்து அலுத்துவிட்டேன். மங்களேஸ்வரி அக்கா மட்டும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறா. "உங்கடை மாமா கோயில் பக்கமே வாறேல்லை" என்று. ஆகவே உயிரோடு இருக்கிறீர்கள்.

ஆர்னெல் விடுமுறையில் வந்தார். கொழும்பில் இறங்கி, விமான நிலையத்திலேயே அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். போன கிழமை எழுத்து முடிந்தது. சட்டப்படி நான் கலியாணம் கட்டியவள். தாலி அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. ஐயர் கேட்டார், பக்கத்துவீடு கேட்டது, "தம்பி வரட்டும்" என்று அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறா.

நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன் மாமா. சிங்கப்பூர் உங்களை விடாது. நோர்வே என்னை விடாது. ஆனால் கப்பலில் அதிகாரிகள் மனைவிமாரைக் கூட்டிப் போகக் கப்டன் சம்மதிப்பார். அடுத்த ஆடியில் ஆர்னெலின் கப்பல் சிங்கப்பூரில் இருந்து வெளிக்கிடுகிறது, திரும்பவும் ஹம்மர்பெஸ்ட்டுக்குத்தான். அம்மா சிங்கப்பூர்வரை வந்து, அவருடைய அம்மாவைச் சந்தித்து, என்னை ஏற்றிவிடட்டும். நான் உங்கள் நாட்டில் இறங்க மாட்டேன். நீங்கள் என் வீட்டுக்கு ஏறுங்கள்.

கப்பல் ஏணியில் ஏறுவதற்கு எந்த நாட்டு விசாவும் வேண்டாம்.

கோபிகா


ஹொல்ம்லியா
25.01.2004

என் கெட்டிக்கார மருமகளுக்கு,

மாமா சுகம். இவ்வளவு நாளும் எழுதாததற்குக் காரணம், கையில் சுளுக்கு. டொக்டர்மார் கூடி நின்று பார்த்தார்கள். இப்போது வாசிக்க முடிகிறதுதானே, அப்படியென்றால் சுகம்.

புத்தகத்தின் நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஓம், நீலம். ஒஸ்லோவில் சிவப்பு இல்லாத தமிழன் யார்? கடைக்காரன், தனஞ்சயன், அவனுடைய நாய்க்கும் ஏதோ ஒன்று சிவப்பில் இருக்கிறது. நீலம் எங்கேயோ ஒருவரிடம்தான் இருக்கும். முதல் அகதி விசாரணையில் நான் ஒரு பாடசாலை அதிபர் என்று சொன்னேன். இரண்டாம் விசாரணையில் கப்பல் கப்டன் என்று வந்துவிட்டது. சிவப்பைத் தருவதற்கு இரண்டுக்கும் அத்தாட்சி கேட்கிறார்கள், அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். கேட்கட்டும். என் வாயைக் கட்டிப்போட்டு எனக்கு ஒரு புத்தகமும் வேண்டாம்.

சிங்கப்பூருக்கும் எழுதிக் கேட்டேன். அவர்கள் இங்கிலீசில் நல்ல மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். மங்களேஸ்வரி அக்கா பிரசாதத்தைத் தந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "என்ன ரட்ணம், மருமகளைப் போயும் போயும் கப்பல்காரனுக்கோ குடுக்கிறாய்? எங்கடை தனஞ்சயனிட்டை என்ன குறை கண்டனீ?" என்றா.

நான் சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னேன், "குறை ஒண்டுமில்லை அக்கா. நாப்பத்திரண்டு வயதிலை ஒரு குறையும் தெரியாது."

"வாக்குத் தந்தனீ."

"ஓம், தந்தனான். நான் தந்த வாக்கிலை எது நிண்டது, இது நிக்கிறதுக்கு?"

சனம் சிரித்தது. அவவும் சிரிக்கப் பார்த்து, வரவில்லை. "பிலிப்பைன்சிலை எந்தச் சாதி, எந்தக் கோயில் எண்டாவது கேட்டனீயோ?" என்றா. "கேட்டனான். காணும் எண்டு சொன்னவன்" என்றேன். அது அவவுக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இல்லை.

கப்பலைக் கொண்டுவரச் சொல். நான் வருகிறேன். வேட்டி சால்வையோடு வருவேன். ஹம்மர்பெஸ்ட்டில் குளிர் என்னைக் கண்டால் விலகி நிற்கும்.

அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லு. சிங்கப்பூருக்கு வர எனக்கு நேரமில்லை, ரயில்களை விட்டுவிட்டு வர இயலாது என்று. பாதியைத் தள்ளிப் படிக்கிறவவுக்கு மிச்சம் தானாக விளங்கும்.

மாமா


ஹம்மர்பெஸ்ட்
05.09.2004

என் அன்பு அக்கா பவளத்துக்கு,

தம்பி சுகம். சிங்கப்பூரில் சம்பந்திமார் நீங்கள் இரண்டு பேரும் மொழி தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டே இருந்ததாகக் கோபிகா சொன்னாள். நல்லது, மொழி தெரிந்தால்தான் பிரச்சினை தொடங்கும்.

காரியம் முடிந்தது. விபரமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

இந்தக் கோடையில் இருந்து துறைமுகத்தைச் சுற்றிப் புது வேலி. வாசலில் காவலாளி. பெயர் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. நான் வேட்டி கட்டி, மேலே பனிச்சட்டை போட்டு, வெறுங்கால் தெரியாமல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனேன். காவலாளி என் வேட்டியைப் பார்த்து, இதென்ன என்றான். ஆஸ்பத்திரியில் இருந்து வரவில்லை, கலியாணத்துக்குப் போகிறேன் என்று அவனுடைய மொழியில் சொன்னேன். நீலப் புத்தகத்தை எடுத்து, மட்டை தெரிய நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கப்டன் எழுதித் தந்த பெயர் இருக்கு, போங்கோ" என்றான்.

ஏணியின் மேல்படியில் கோபிகா நின்றாள். அவளை ஊரில் விட்டுவிட்டு வரும்போது பால்பல்லு. இப்போது உங்களைப்போல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "மாமா, ஏன் மெலிஞ்சு போனீங்கள்?" என்றாள். நான் ஊரில் எவ்வளவு கொழுத்து இருந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

கப்பல் சமையற்கூடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசையில் குத்துவிளக்கு வைத்தோம். கப்பல் ஆடுகிறபடியால் அதைத் திருகி இறுக்கித் தந்தவன் ஒரு போலந்துக்காரன். மஞ்சளை அவள் நீங்கள் தந்த பொட்டலத்தில் இருந்து எடுத்தாள், பிலிப்பைன்ஸ் சமையற்காரன் அரிசியைக் கொண்டுவந்து தானே பிரட்டினான். ஆர்னெலுக்கு நான் வேட்டி உடுத்திவிட்டேன், இஞ்சின் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டான். தாலியை நான் எடுத்துக் கொடுத்தேன் அக்கா. நாலு பக்கமும் அரிசி விழுந்தது. கப்டன் சங்கு ஊதினார், ஊரில் இருந்த கப்பல்கள் எல்லாம் பதிலுக்கு ஊதின, கடலில் இரண்டு திமிங்கிலம் எழும்பிப் பார்த்துவிட்டுப் போயின. மதியச் சாப்பாட்டுக்கு ஹம்மர்பெஸ்ட் ஊர்த்தலைவர் வருவதாக இருந்தது, இடமில்லை என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

பிறகு இறங்க நேரம் வந்தது. சாமான் இறக்கி முடிந்துவிட்டது, கப்பல் வெளிக்கிடப்போகிறது. கோபிகா என்னோடு ஏணியின் அடிப்படி வரைக்கும் வந்தாள். காவலாளியும் வாசலில் இருந்து அங்கே வந்து நின்றான். "அவ இறங்கேலாது, விசா இல்லை" என்று எனக்குச் சொன்னான், முரட்டுத்தனமாக இல்லை. தெரியும் என்றேன். அவளுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது. எங்களுடைய ஆட்களுக்கு அந்த வசனம் எந்த மொழியிலும் விளங்கும்.

அவள் காவலாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். புகுந்த வீட்டுக்குள் வைக்கிறதுபோல, ஆறுதலாக, அந்த வலது காலை எடுத்து நோர்வேயில் வைத்தாள். இடது கால் ஏணியில்தான். கையால் ஏணிக் கயிற்றைப் பிடித்தபடி நேராக நின்றாள். காவலாளி கையில் இருந்த வானொலியை ஏதோ பழுதுபோலத் திருகத் தொடங்கினான். திருகிக்கொண்டே கடல் பக்கம் திரும்பிவிட்டான்.

"நிலம் குளிருது மாமா" என்றாள்.

"இது கோடை" என்றேன்.

"இனி என்னையும் நோர்வேக்கு வந்தவள் எண்டு சொல்லலாமோ?"

"அரைவாசிதான் வந்தனீ."

"மிச்ச அரைவாசியை நீங்கள் புழுகுங்கோ" என்றாள்.

பிறகு காலை எடுத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனாள். ஆர்னெல் மேல்படியில் கை நீட்டிக்கொண்டு நின்றான். கப்பல் மறையும்வரை நின்று பார்த்தேன். வேட்டி காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, ஊர்ச்சனம் பார்த்தது, பார்க்கட்டும்.

நாளைக்கு ஒஸ்லோவுக்குப் போவேன். ஞாயிறு கோயிலில் இதை எப்படிச் சொல்வது என்று இப்போதே மனதுக்குள் ஓடுகிறது. அவள் இறங்கி வந்து, காவலாளி கதவைத் திறந்து, நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குள் நடந்து போய்க் கோப்பி குடித்தோம் என்றுதான் சொல்லப்போகிறேன். அவளே அனுமதி தந்துவிட்டாள்.

உங்களுக்கு வேறு. இந்தக் கடிதத்திலும் வழக்கம்போல் பாதியைத் தள்ளிப் படியுங்கள் அக்கா. சங்கைத் தள்ளுங்கள், திமிங்கிலத்தைத் தள்ளுங்கள், ஊர்த்தலைவரைத் தள்ளுங்கள். அந்தக் காலை மட்டும் தள்ளாதீர்கள். அது வலது கால்.

உங்கள் தம்பி
ஞானரட்ணம்